ரெட்டைக்குழல்

சொந்தத் துப்பாக்கி இருந்தால்
மாதம் ஆறாயிரம் கூட என்றார்கள்,
பணவண்டிக் கம்பெனியில்.
ஒன்பது மாதம் அலைந்ததில் லைசென்ஸ் வந்துவிட்டது.
துப்பாக்கிதான் இல்லை.

முனவ்வர் சேட்டின் கடை
சிவாஜிநகரில், பழைய இரும்புச் சந்து முடிகிற இடத்தில்.
வெளியே மழை. உள்ளே எண்ணெய் வாசனை.
மேஜைமேல் பெட்ஷீட் விரித்து
மூன்றைப் படுக்கவைத்தார்.
மூன்றும் பன்னிரண்டு போர்.
"பாருங்க ஹவில்தார் சாப், அவசரமில்லே."

அல்சூர் சாப்பர் லைன்ஸில் சேர்ந்து
இருபத்திரண்டு வருஷம் பாலம் கட்டினேன்,
கண்ணிவெடி தேடினேன்.
அங்கே ஆயுதம் கொடுப்பார்கள், நம்பர் சொல்வார்கள்.
விலை கேட்டு வாங்கியதில்லை.
மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.
இதற்குப் பல் எங்கே?

காலியா என்று முதலில் பார்த்தேன். அது பழக்கம்.
பிறகு குழலைக் கழற்றி
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
முதலாவது எண்ணெயில் மினுங்கியது.
துணி விட்டுத் துடைக்கச் சொன்னேன்.
சேட் சிரித்துக்கொண்டே துடைத்தார்.
உள்ளே நெடுக அம்மைத் தழும்பு.

இரண்டாவதற்குப் புது மெருகு, கருநீலம்.
முத்திரை பாதி அழிந்து
அழிந்த பள்ளத்திலும் மெருகு ஏறியிருந்தது.
அப்படியானால் ராவியிருக்கிறார்கள்.
குழலை ஒரு விரலில் தொங்கவிட்டு
நகத்தால் சுண்டினேன்.
பற்று நன்றாக இருந்தால் மணியாகப் பேசும்.
இது தகரமாக இருமியது.

மூன்றாவது அவலட்சணம்.
மெருகு போன வெள்ளைத் திட்டு,
முன்கட்டையின் கட்டக் கீறல் மழுங்கி,
யாரோ ஆணியால் கீறிய ஒரு கன்னட எழுத்து.
முன்கட்டையைக் கழற்றிவிட்டு உலுக்கினேன்.
ஆடவில்லை.
மூடிய வாயில் என் பஸ் டிக்கெட்கூட நுழையவில்லை.
உள்ளே பார்த்தேன்.
வெளிச்சம் வளையம் வளையமாக
சிதறாமல், கடைசி வரைக்கும் போனது,
இரண்டு குழலிலும்.

"எவ்வளவு சுட்டிருப்பாங்க?"
சேட் லெட்ஜரைப் புரட்டினார்.
"சென்னவீரப்பா. பேங்க் கன்மேன்.
பத்தொன்பது வருஷம்.
வாங்கின தோட்டா பத்து.
திருப்பித் தந்தது பத்து."

அதற்கப்புறம்தான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது.
வெள்ளைத் திட்டில் என் இடதுகையை வைத்தேன்.
அவர் கை என்னுடையதைவிடப் பெரிது.
கட்டையின் அடி, செருப்பு தேய்கிற மாதிரி
ஒருபக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது.
எந்தக் கால் பாரம் தாங்கவில்லையோ.
குழல்வாயின் விளிம்பில்
ஓர் உள்ளங்கையளவு மழமழப்பு.
அங்கே கை வைத்து ஊன்றக் கூடாது.
எனக்கு அதை அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.
அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்,
சொல்லியிருந்தாலும்
மத்தியானம் மூன்று மணிக்கு
எந்தப் பாடம் நிற்கும்?

வெற்றுத்தோட்டா போட்டு
வலது விசை, இடது விசை.
காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இரண்டும்.
கண்ணை மூடித் தோளில் ஏற்றி
கண்ணைத் திறந்தேன்.
கன்னம் தேடாமலே கட்டை வந்து உட்கார்ந்திருந்தது.
முனைமணிக்கு நேரே, எதிர்ச் சுவரில்
ஒரு ஈரப்பூத்த கறை. அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டு என்றார்.
சுட்ட துப்பாக்கிக்குச் சொல்லுகிற விலை என்றேன்.
சுடாததற்குத்தான் அதிகம் என்றார்.
அதுவும் நியாயம்தான்.
முப்பத்தொன்பதிலிருந்து நான் ஏற,
அவர் இறங்க,
நாற்பத்திரண்டில் மழை விட்டது.

ரசீதும் ஸ்டேஷனுக்கான காகிதமும் எழுதினார்.
"வேற ஏதாவது, சாப்?"
"கட்டையடிக்கு ரப்பர் போட்டுக் கொடுங்க.
தடிமனா."
"தோளுக்கா?"
"தரைக்கு."